தன்னையறியும் அறிவும் மூளைக் காயமும்

உடம்பிற் காயம்பட்டவர்க்கு அக்காயம் தெரியாமற் போவதில்லை. கால் ஒடிந்தவன் தன் கால் ஒடிந்ததென்று அறிவான். பார்வை மங்கியவன் பிறர் சொல்லுமுன்னரே தன் கண்ணின் குறையை உணர்வான். உறுப்புக்கு நேர்ந்த கேட்டை உணரும் அறிவு கேடின்றி நிற்பதனாலேயே இஃது இயல்வதாகின்றது. அவ்வறிவுக்கே கருவியாகிய மூளையிற் காயம்பட்டால் நிகழ்வது யாது? அளக்குங் கோலே வளைந்துவிட்டால் அவ்வளைவை அளத்தற்கு வேறு கோல் எங்கே உளது? இவ்வினாவே இக்கட்டுரையின் பொருளாகும்.

மூளைக் காயத்தால் நடை தளர்தலும் நாக் குழறுதலும் நினைவு குன்றுதலும் நேர்வதை யாவரும் அறிவர். ஆனால், நடையும் பேச்சும் நினைவும் பெரும்பாலும் பழையபடியே இருக்க, பிறரோடு ஒழுகும் ஒழுக்கம் மட்டும் மாறுதலும், அம்மாறுதலை உற்றவர் தாமே அறியாதிருத்தலும் உண்டென்பதைப் பலர் அறியார். அறியாமையினால், அத்தகையோரை நாணமற்றவரென்றும் நன்றி கெட்டவரென்றும் பழித்து ஒதுக்குகின்றோம். அப்பழி பொருந்துமா என்பதை ஆராய்ந்து, நம் கடமை யாதெனத் துணிதலே யாம் ஈண்டுச் செய்யப் புகுந்தது.

1. கேஜ் என்பவரின் வரலாறு

இப்பொருளை ஆராய்வோர் முதற்கண் எடுத்துரைப்பது பினியாஸ் கேஜ் என்பவரின் வரலாறேயாம். அவர் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வடகிழக்கிலுள்ள வெர்மாண்ட் மாகாணத்தில் இருப்புப்பாதை அமைக்குங் கூலியாட்களுக்கு மேஸ்திரியாக இருந்தவர். பாறையிலே துளையிட்டு, வெடிமருந்தை இட்டு, அதன்மேல் மணலைப் பெய்து, இரும்புக் கோலால் இடித்துக் கெட்டிப்பது அக்காலத்து வழக்கம். 1848-ஆம் ஆண்டு செப்டம்பர் 13-ஆம் நாள் மாலை, காவெண்டிஷ் என்னும் ஊரின் அருகே, அவர் கையிலிருந்த கோல் பாறையில் உராய்ந்து பொறி எழ, மருந்து வெடித்தது. 3 அடி 7 அங்குல நீளமும் 13¼ இராத்தல், அஃதாவது ஏறக்குறைய 6 கிலோகிராம், நிறையும் உடைய அக்கோல் அவரது இடக் கன்னத்தின் கீழ்ப் புகுந்து, கண்ணின் பின்னாகச் சென்று, தலையின் உச்சியைப் பிளந்து வெளியேறி, நெடுந்தூரத்துக்கப்பால் வீழ்ந்தது. அப்பொழுது அவருக்கு வயது 25.

அவர் இறக்கவில்லை. சிறிது நேரத்திற் பேசினார். மாட்டு வண்டியில் நிமிர்ந்து உட்கார்ந்தவாறே ஊருக்குச் சென்றார். ஜான் ஹார்லோ என்னும் இளம் மருத்துவர் அவரைப் பேணினார். காயம் சீழ்க்கொண்டு அவரைச் சாவின் வாயில் வரை கொண்டு சென்றதாயினும், பத்து வாரங்களில் அவர் தம் பெற்றோர் இல்லம் திரும்பினார். இடக்கண்ணின் பார்வை ஒன்றே போயிற்று. கை, கால், நாவு, நினைவு ஆகியவற்றிற்குப் பெருங்குறை இல்லை.

ஆயினும், விபத்திற்குமுன் அவரை மிகத் திறமையுள்ள மேஸ்திரியென்று மதித்த முதலாளிகள் அவரை மீண்டும் அவ்வேலையில் அமர்த்த உடன்படவில்லை. ஹார்லோ 1868-ஆம் ஆண்டு வெளியிட்ட கட்டுரையில் அதன் காரணத்தைக் கூறினார். முன்னர் அமைதியும் சூழ்ச்சித்திறனும் உடையவராயிருந்த கேஜ், பின்னர் நிலையற்றவராய், தகாத சொற்களைக் கூசாமற் பேசுபவராய், தம் விருப்பத்திற்கு மாறான அறிவுரையைப் பொறாதவராய், பல திட்டங்களை வகுத்து ஒன்றையும் முடியாது கைவிடுபவராய் மாறினார் என்பது அவர் கூற்று. அவர் பழைய கேஜ் அல்லர் என்று நண்பர்கள் கருதினராம்.

இவ்வளவோடு நின்றால் இவ்வரலாறு பாதியே ஆகும். பிற்காலத்து நூலாசிரியர் பலர் கேஜைக் குடியரென்றும் ஊர்சுற்றியென்றும் உழைக்க மாட்டாதவரென்றும் எழுதினர். மால்கம் மாக்மில்லன் என்னும் ஆராய்ச்சியாளர் பழைய ஆவணங்களைத் துருவி ஆராய்ந்து 2000-ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில், இவற்றுட் பலவற்றிற்குச் சான்றில்லை என்று காட்டினார். சான்றுள்ள செய்தி வேறு. கேஜ் நியூ ஹாம்ப்ஷயர் மாகாணத்தில் ஒரு குதிரை லாயத்தில் வேலை பார்த்தார். 1852-ஆம் ஆண்டு தென்னமெரிக்காவிலுள்ள சிலி நாட்டிற்குச் சென்று, பல ஆண்டுகள் பயணிகளை ஏற்றிச் செல்லும் குதிரை வண்டியை ஓட்டினார். வைகறையில் எழுதல், குதிரைகளைப் பேணுதல், வேற்று மொழி பேசும் பயணிகளோடு பழகுதல், குறித்த நேரத்திற் குறித்த வழியே செல்லுதல் ஆகிய இவையெல்லாம் நாள்தோறும் ஒரே முறையாய் நிகழ்ந்த அவ்வேலையே அவரது சிதைந்த ஒழுக்கத்திற்கு ஊன்றுகோலாயிற்று என்று மாக்மில்லன் கருதுகின்றார். 1860-ஆம் ஆண்டு மே மாதம், வலிப்பு நோயால், சான்பிரான்சிஸ்கோ நகரத்தின் பக்கத்திலே அவர் காலமானார். அவரது மண்டையோடும் அவ்விரும்புக் கோலும் ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியின் காட்சிச்சாலையிற் பாதுகாக்கப்பட்டுள்ளன.

ஆகவே கேஜின் வரலாறு இரண்டு பாடங்களைப் புகட்டுகின்றது. மூளையின் ஒரு பகுதி சிதைந்தால் அறிவு நிற்க ஒழுக்கம் மாறக்கூடும் என்பது ஒன்று. அவ்வாறு மாறியவரைப்பற்றி உலகம் உள்ளதினும் மிகைபடக் கூறும் என்பது மற்றொன்று.

2. முன்மடலின் தொழில்

மனித மூளை ஏறத்தாழ 1.4 கிலோகிராம் நிறையுள்ளது. நெற்றிக்குப் பின்னே அமைந்த பெரும்பகுதியை முன்மடல் என்பர். கண்களை ஏந்தி நிற்கும் எலும்புத் தட்டின்மேல் அதன் அடிப்பாகம் படிந்திருக்கின்றது. அவ்வெலும்பின் மேற்புறம் வழவழப்பானதன்று. மேடும் பள்ளமுமாய்க் கரடுமுரடானது. விரைந்து செல்லும் வண்டி திடீரென மோதி நின்றால், தலை நின்ற பின்னரும் மூளை மண்டையினுள் முன்னோக்கிச் சென்று அக்கரட்டு எலும்பில் உராய்கின்றது. எனவே மண்டை உடையாதவிடத்தும், முன்மடலின் அடிப்பாகமும் காதுப்பக்கத்து மடலின் முனையும் கன்றிப்போதல் பெரும்பான்மை. கேஜுக்கு நேர்ந்தது அரிதினும் அரிய விபத்து. ஆனால் அவர் இழந்த பகுதிக்குக் கேடு நேர்தல் இந்நாளிலே எந்நெடுஞ்சாலையிலும் நிகழத்தக்கது.

இம்முன்மடலின் தொழில் யாதெனின், ஒன்றைச் செய்யத் தூண்டும் உந்துதலைச் சற்றே நிறுத்தி, இடமும் காலமும் எதிர்நிற்பாரும் நோக்கி, தகுமெனின் விடுத்து, தகாதெனின் அடக்குவதாம். மனத்திலே தோன்றுவதையெல்லாம் நாம் நாவிற்குக் கொண்டுவருவதில்லை. இழவு வீட்டிற் சிரிப்பூட்டும் நினைவு எழுந்தால் அடக்குகின்றோம். மூத்தோர் முன்னிலையிற் சினம் எழுந்தால் விழுங்குகின்றோம். இவ்வடக்கத்தை நல்வளர்ப்பின் பயனென்றே எண்ணுகின்றோம். வளர்ப்பின் பயனென்பது மெய்யே. ஆனால் வளர்ப்பு பதிந்திருந்து தொழிற்படுதற்கு ஒரு கருவி வேண்டும் என்பதை மறந்துவிடுகின்றோம்.

இனி, பிறர் உள்ளத்தை முகத்தாலறிதலும் இத்தொடர்பினது. தொல்காப்பியர் நகை முதலாக உவகை ஈறாக எட்டு மெய்ப்பாடுகளை வகுத்தார். உள்ளத்து நிகழ்ச்சி உடம்பில் வெளிப்பட்டுக் காண்பார்க்குப் புலனாதலே மெய்ப்பாடு. ஆகவே மெய்ப்பாட்டிற்குக் காட்டுவார் ஒருவரும் காண்பார் ஒருவரும் வேண்டும். மூளையிற் காயம்பட்டவர் பலர்க்கு, எதிரிலிருப்பார் முகத்திலுள்ள சலிப்பையோ அச்சத்தையோ வெகுளியையோ கண்டுணரும் ஆற்றல் குன்றிவிடுகின்றது. கேட்பார் முகஞ்சுளிப்பதைக் கண்டு பேச்சை நிறுத்துதல் நமக்கு எளிது; அச்சுளிப்பு எட்டாத ஒருவர்க்கு நிறுத்துதற்குக் குறிப்பேயில்லை.

அந்தோனியோ டமாசியோ என்னும் மருத்துவ அறிஞர் 1994-ஆம் ஆண்டு வெளியிட்ட தம் நூலில் எலியட் என்னும் புனைபெயரால் ஒருவரைக் குறிக்கின்றார். நல்ல கணவராகவும் தந்தையாகவும் அலுவலராகவும் விளங்கிய அவரது மூளையுறையிற் கட்டி தோன்றியது. அதை அகற்றியபொழுது, அக்கட்டியாற் கெட்டிருந்த முன்மடற் பகுதியையும் அகற்ற நேர்ந்தது. பின்னர் அறிவுத்திறனைச் சோதித்த தேர்வுகளில் எலியட் நன்கு தேறினார். ஆனால் அலுவலகத்தில் ஒரு சிறு செயலில் நாள் முழுதும் ஆழ்ந்து, செய்யவேண்டிய பெரிய செயலை மறந்தார், வேலையை இழந்தார், நண்பர் தடுத்தும் கேளாது நம்பத்தகாதவரோடு கூட்டு வாணிகஞ் செய்து சேமிப்பை இழந்தார், மணவாழ்க்கையும் முறிந்தது. இன்ன நிலையில் இன்னது செய்யத்தகும் என்று வினவினால் சரியாகவே விடையிறுத்தார்; அந்நிலை தமக்கு வந்தால் ஒன்றைத் துணிய அவரால் இயலவில்லை. தேர்வுகளில் அவர் தேறியதைக் கண்டோர் அவரைச் சோம்பரென்று கருதி உதவிப்பணத்தையும் மறுத்தனர். நல்லதன் இலக்கணத்தை அறிதல் வேறு, நல்லதைத் துணிதல் வேறு என்பதற்கு இதனினும் தெளிவான சான்று காண்டலரிது.

3. நோயை அறியாமை என்னும் நோய்

இதுகாறும் ஒழுக்கத்தின் மாற்றத்தைக் கூறினோம். இனி, அம்மாற்றத்தைத் தாமே அறியாமையைக் கூறுவோம்.

காபிரியேல் அன்டன் என்னும் ஆஸ்திரிய மருத்துவர் 1899-ஆம் ஆண்டு, மூளைக்கேட்டாற் புலனிழந்தும் அவ்விழப்பை உணராத நோயாளரைப்பற்றி எழுதினார். 1914-ஆம் ஆண்டு பாரிஸ் நகரத்து ஜோசப் பாபின்ஸ்கி இந்நிலைக்கு அனோசோக்னோசியா என்று பெயரிட்டார். கிரேக்க மொழியில் இன்மை, நோய், அறிவு என்னும் பொருளுள்ள மூன்று கூறுகள் சேர்ந்தமைந்த சொல் இது. நாம் நோயறியாமை எனலாம். மூளையின் வலப்பாதியிற் கேடுற்று உடலின் இடப்பாகம் அசைவற்றவருட் சிலர், தம் கை நன்றாயிருக்கின்றதென்றே கூறுவர். இடக்கையைத் தூக்குமாறு சொன்னால், தூக்கிவிட்டதாகவும் கூறுவர். அவர் பொய் கூறுபவரல்லர்.

அமெரிக்க உச்சநீதிமன்றத்தில் 1939 முதல் நீதிபதியாயிருந்த வில்லியம் டக்ளஸ் என்பவர்க்கு 1974-ஆம் ஆண்டு டிசம்பர் 31-ஆம் நாள் மூளையின் வலப்பாதியில் இரத்தக்குழாய் அடைப்பு நோய் நேர்ந்து இடப்பாகம் செயலற்றது. தாம் தவறி விழுந்ததன்றி வேறில்லை என்று அவர் கூறியதையும், நெடுந்தூர நடைப்பயணத்திற்குத் தம்முடன் வருமாறு செய்தியாளரை அழைத்ததையும் டமாசியோ எடுத்துரைக்கின்றார். 1975-ஆம் ஆண்டு நவம்பரில் அவர் பதவி விலகினார். விலகிய பின்னரும் வழக்குகளில் நீதிபதிபோலவே பங்குகொள்ள முயன்றார். முப்பத்தாறு ஆண்டுகள் பிறர் வழக்கின் சான்றுகளைச் சீர்தூக்கிய பேரறிவாளர்க்கு, தம் உடம்பு காட்டிய சான்று மட்டும் ஏறவில்லை. நோயறியாமை கல்லாதார்க்கே உரியதன்று என்பது இதனாற் பெறப்படும்.

விபத்தில் மூளை கன்றியவரிடத்து இவ்வறியாமை இன்னும் நுட்பமாய்க் காணப்படும். கைகால் தளர்ச்சியை அவர் எளிதில் ஒப்புக்கொள்வர். சினத்தையும் அடக்கமின்மையையும் ஒப்புக்கொள்ளார். இதனை அளத்தற்கு ஜார்ஜ் பிரிகட்டானோ என்னும் உளநூலறிஞர் 30 வினாக்கள் கொண்ட ஒரு பட்டியலை அமைத்தார். அதே வினாக்களுக்கு நோயாளர் தம்மைக் குறித்தும், உறவினர் நோயாளரைக் குறித்தும் விடையளிப்பர். இரண்டிற்கும் உள்ள வேறுபாடே அறியாமையின் அளவைக் குறிக்கும்.

ஈண்டு ஒரு வேறுபாட்டை உளத்திற்கொள்ளல் வேண்டும். துன்பத்தைத் தாங்கமாட்டாமல் அறிந்தும் அறியாதார்போல் மறுத்தல் ஒன்று. மூளையின் கேட்டால் அறியவே இயலாமை மற்றொன்று. முன்னதில் உண்மையைக் கூறுமிடத்து மனிதர் கலங்குவர். பின்னதில் பெரும்பாலும் வியப்பர், அன்றி அசட்டையாயிருப்பர். இரண்டும் ஒருவரிடத்தே கலந்திருத்தலும் உண்டு.

நாணம் என்னும் உணர்ச்சி இவரிடத்து அற்றுப்போயிற்றா? ஜெனிபர் பீர் என்பவரும் அவர் துணைவரும் 2006-ஆம் ஆண்டு வெளியிட்ட ஆராய்ச்சியொன்று இதற்கு விடை தருகின்றது. முன்மடலின் அடிப்பாகங் கெட்டவர், முன்பின் அறியாதவரோடு உரையாடுகையில், தம் அந்தரங்கச் செய்திகளை அளவிறந்து கூறினர். கூறியதற்குச் சிறிதும் கூசவில்லை. ஆனால் அவ்வுரையாடலைப் பதிவுசெய்த படத்தை அவர்க்கே காட்டியபொழுது அவர் நாணினர்! நாணம் சாகவில்லை, தம்மைத் தாம் காணுங் கண்ணாடியே உடைந்திருந்தது. பிறர் ஒரு கண்ணாடியைப் பிடித்தவுடன் நாணம் தன் தொழிலைச் செய்தது. இவ்வொரு செய்தி நம் தீர்ப்புகள் பலவற்றைத் திருத்தவல்லது.

4. அறிவு மீளும் படிகள்

இவ்வறிவு மீளாததன்று. காயம்பட்ட தொடக்கத்தில் மிகுந்திருக்கும் அறியாமை நாளடைவிற் பலர்க்குக் குறைகின்றது. குரோசன் என்பவரும் அவர் துணைவரும் 1989-ஆம் ஆண்டு தன்னறிவை மூன்று படிகளாக வகுத்தனர். மறதியை எடுத்துக்காட்டாகக் கொண்டு அவற்றை விளக்குவோம். "எனக்கு மறதி உண்டு" என்று சொல்லளவில் அறிதல் முதற்படி. மறதி நேருங்காலத்து, "இதோ மறந்தேன்" என உணர்தல் இரண்டாம்படி. "நாளை மறப்பேன், ஆதலின் இன்றே குறித்து வைப்பேன்" என வருமுன் காத்தல் மூன்றாம்படி. முதற்படியில் நிற்பவரை நோக்கி, "உனக்கு மறதியென்று நீயே ஒப்புக்கொண்டாயே; பின் ஏன் குறித்துவைக்கவில்லை?" என்று கடிதல், ஏணியின் அடியில் நிற்பானை உச்சியில் இல்லையே என்று கடிவதை ஒக்கும்.

அறிவு மீளுதல் மகிழ்ச்சியை மட்டும் தருவதன்று. தம் நிலையை உணராதவரை கவலையின்றியிருந்தவர், உணர்ந்தபின் இழந்த வேலையையும் விலகிய நண்பரையும் எண்ணிப் பெருந்துயரத்தில் ஆழ்தல் உண்டு. ஆகவே கண்ணாடியைக் காட்டுவோர், காட்டிவிட்டு அகன்றுபோதல் கூடாது. கண்டதைத் தாங்குதற்கு அருகிருத்தலும் அவர் கடமையேயாம்.

5. நம் கடமை

வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1949-ஆம் ஆண்டு டாக்டர் ஜேக்கப் சாண்டி அவர்கள் இந்தியாவின் முதல் மூளை நரம்பு அறுவை மருத்துவப் பிரிவைத் தொடங்கினார். அதுமுதல் இத்துறை நம் நாட்டில் ஓங்கி வளர்ந்து, முன்னர் இறந்திருக்கக் கூடியவர் பலரைப் பிழைக்கச் செய்கின்றது. உயிரைக் காத்தல் மருத்துவர் கையில் உளது. காத்த உயிர் மனிதரோடு மனிதராய் வாழ்தல் வீட்டாரும் நண்பரும் ஆசிரியரும் முதலாளியும் ஆகிய நம்மனோர் கையில் உளது. அதற்குரியன சில கூறுவோம்.

அத்தகையோர் தவறிப் பேசுமிடத்துப் பலர் முன்னிலையிற் கடிதலும், வேடிக்கையென்று சிரித்து ஊக்குதலும் ஒருங்கே தீயன. முன்னரே அவரோடு பேசி வைத்துக்கொண்ட ஒரு சிறு குறிப்பாலோ சொல்லாலோ நினைவூட்டி, பின்னர்த் தனியிடத்தில் அமைதியாய் விளக்குதல் நன்று. வழக்காடி ஒப்புக்கொள்ளச் செய்ய முயல்வதினும், "இவ்வேலை எத்தனை நாழிகையில் முடியும் என எண்ணுகிறீர்?" என்று முன்னே கேட்டு, முடிந்தபின் அவர் மதிப்பையும் உண்மையையும் அவரே ஒப்பிடச் செய்தல் பயன் தரும். ஒரு நேரத்தில் ஒரு வேலையே தரல் வேண்டும். இரைச்சலும் களைப்பும் அடக்கத்தைக் குலைக்குமாதலின் ஓய்வு இன்றியமையாதது. நாள்தோறும் மாறாத வேலைமுறை எத்துணை உதவும் என்பதற்குச் சிலி நாட்டில் ஓடிய கேஜின் வண்டியே சான்று.

வீட்டாரின் துன்பத்தையும் மறத்தலாகாது. கணவர் பிழைத்தாரே என ஊரார் வாழ்த்த, தன்னோடு வாழ்பவர் பழைய மனிதரல்லர் என்பதை உணர்ந்த மனைவி அத்துயரத்தை யாரிடத்துக் கூறுவாள்? பொறுத்தல் வேறு, தீங்கிற்கு இடங்கொடுத்தல் வேறு. நோயால் விளைந்த சினமாயினும், அடிக்கும் கையினின்று வீட்டாரைக் காத்தல் வேண்டும். நோயாளரைக் குற்றவாளியென்று கருதாமலே அதனைச் செய்யலாம்.

நோய் வருமுன் காத்தலே தலையாயது. இருசக்கர வண்டியில் ஏறுவோர் தலைக்கவசம் அணிதல் வேண்டும் என்று நம் நாட்டு 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் விதிக்கின்றது. அதனைத் தண்டத்திற்கு அஞ்சி அணிவோர் பலர். அக்கவசம் காப்பது எலும்பை மட்டுமன்று. பொறுமையையும் நாணத்தையும் நட்பையும், நான் இன்னான் என்னும் அறிவையும் காக்கின்றது என்பதை மாணவராகிய நாம் உணர்வோமாயின், சட்டம் வேண்டியதில்லை.

6. முடிவுரை

ஒழுக்கம் மூளையைச் சார்ந்ததாயின் ஆன்மா என்பது யாது, பொறுப்பு என்பது யாது என்று சிலர் வினவக்கூடும். மண்டையோட்டை ஆராய்ந்து ஆன்மாவை நிறுவுதலும் இயலாது, மறுத்தலும் இயலாது. யாழின் தந்தியையும் உடம்பின் நரம்பையும் தமிழர் நரம்பு என்னும் ஒரே சொல்லால் வழங்குகின்றனர். நரம்பறுந்த யாழில் இசை பிழைத்தால், பாணன் இசையறியான் என்று துணிவார் இல்லை. பாணனே இல்லை என்பாரும் இல்லை. உவமை சான்றாகாது என்பதை யாம் அறிவோம். எனினும், வெளியே கேட்கும் பிழையிசையை மட்டும் கொண்டு உள்ளிருப்பவரை அளவிடலாகாது என்னும் அளவிற்கு இவ்வுவமை நமக்குப் போதும்.

எரிகோ நகரத்து வழியிற் காயம்பட்டுக் கிடந்தவனை நம் ஆண்டவர் உவமையாகக் கூறினார். அவன் காயம் கண்ணுக்குப் புலனாயிற்று. கண்டும் விலகிச் சென்றனர் இருவர். மூளையிற் காயம்பட்டவரின் காயமோ ஆறிய தோலின் உள்ளே மறைந்து கிடக்கின்றது. காயம்பட்டவர்க்கும் அது புலனாவதில்லை. "எனக்கு உதவுக" என்று கேட்கும் அறிவையே அவர் இழந்திருத்தல் கூடும். ஆதலின் அவர் கேளாமலே உதவுதல் வேண்டும். தம்மைத் தாம் அறியும் அறிவு அவரிடத்து மீளுமளவும், அவ்வறிவை அன்போடு இரவல் கொடுத்தற்குரியவர் அவரைச் சூழ்ந்துள்ள நாமே.